மச்சாளின் மூன்று நாள்

அந்த எட்டுப் பெண்களும் காசு கொடுத்துச் சும்மா இருக்க வந்தவர்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செப்டெம்பர் மாதம், என் சின்யோராவின், அதாவது நான் வீட்டு வேலை செய்யும் எசமானியின், மொண்டெல்லோக் கடற்கரை வீட்டைப் பத்து நாளுக்கு வாடகைக்கு எடுத்து, விமானம் ஏறி வந்திருந்தார்கள். பாதிப்பேர் ஜெர்மன்காரிகள், மற்றவர்கள் இங்கிலீசுக்காரிகள். காலையில் எழும்பித் தோட்டத்தில் வட்டமாக இருந்து கண்ணை மூடுவார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் தனக்கு என்ன வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிறகு கடல், பிறகு சாப்பாடு. பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஒருவரோடு ஒருவர் கதைக்கக் கூடாது. அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் நான் குசினியில் சாமான் கழுவுவேன். சத்தம் கேட்டால் அவர்களின் தலைவி வந்து வாயில் விரலை வைத்துக் காட்டுவாள். பீங்கானைச் சத்தம் போடாமல் கழுவுவது எப்படி என்று அந்தப் பத்து நாளில் நான் படித்தேன்.

எனக்கு அவர்கள் மேல் சரியான கோபம். என்ன களைப்பு இவர்களுக்கு என்று நினைத்தேன். ஆனால் அதில் ஒருத்தி, காதோரம் நரைத்தவள், கடைசி நாள் குசினிக்குள் வந்து கேட்காமலே வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். உரித்துக்கொண்டே தெரிந்த நாலு இத்தாலியச் சொல்லை வைத்துக் கேட்டாள்:

"நீ ஓய்வெடுக்க எங்கே போவாய்?"

"வியாழக்கிழமை பின்னேரம்" என்றேன்.

அவள் இடத்தைக் கேட்டாள். நான் நேரத்தைச் சொன்னேன். எனக்கு இடம் ஒன்றும் இருக்கவில்லை. பலெர்மோவில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் அரை நாளும் ஞாயிறும்தான் லீவு. அந்த நேரத்தில் சொந்த வீட்டு உடுப்புத் தோய்க்க வேண்டும், ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த கிழமை சின்யோராவிடம் நேரே கேட்டேன். ஒக்டோபரில் குடும்பம் நகரத்துக்குத் திரும்பிய பிறகு இந்த வீடு சும்மாதானே கிடக்கும், மூன்று நாள் நானும் என் ஆட்களும் இருக்கலாமா என்று. அவர் உடனே ஓம் என்றார். "ஆனால் ஒன்று. நீங்கள் அங்கே ஒரு வேலையும் செய்யக் கூடாது."

அந்தக் கடைசிச் சொல்லை நான் நம்பவில்லை. சின்யோராமாரின் 'வேண்டாம்' எனக்குத் தெரியும். அதற்குள் ஒரு வாளித் தண்ணீரும் நிலம் கூட்டும் தும்புத்தடியும் இருக்கும்.

நாங்கள் நாலு பேர். நான். மன்னார் அக்கா: கிறிஸ்தவ வேதக்காரி, எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், உடம்பும் பெரிது வாயும் பெரிது. ரீச்சர்: யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர், இங்கே ஆறு கட்டடங்களின் மாடிப்படி கழுவுகிறார். நாலாவது, என் மச்சாள். என் மனுசனின் தமக்கை. புருசன் ஊரில் செத்துப்போய், பிள்ளையும் இல்லாமல், தம்பியை நம்பி வந்தவர்.

மச்சாளுக்காகத்தான் நான் இந்த ஏற்பாட்டையே செய்தேன் என்று சொல்லலாம். மற்ற மூன்று பேருக்கும் வியாழனும் ஞாயிறும் இருந்தன. மச்சாளுக்கு அதுவும் இல்லை. வியா மக்வேதாவிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே எட்டு வருடம் இருந்தார். கிழவிக்கு நடக்க ஏலாது. கட்டிலிலிருந்து கதிரை, கதிரையிலிருந்து கட்டில். மகள் ஒருத்தி கூட இருந்தாள். காலையும் இரவும் உடம்பு துடைப்பது, உடுப்பு மாற்றுவது எல்லாம் அவள் பார்ப்பாள். பகல் முழுக்க வேலைக்குப் போய்விடுவாள். கிழவி ஒழுங்காகச் சாப்பிடுவது மத்தியானம் ஒரு நேரம்தான். அந்த நேரம் மச்சாளின் நேரம்.

"நான் குடுத்தால்தான் அவ சாப்பிடுவா." எட்டு வருடமாக இந்த ஒரு வசனத்தை மச்சாள் சொல்லிக்கொண்டிருந்தார். கலியாணத்துக்குக் கூப்பிட்டால் இந்த வசனம். திருவிழாவுக்குக் கூப்பிட்டால் இந்த வசனம். என் மகளுக்குச் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது கால் மணித்தியாலம் வந்து கட்டிலடியில் நின்றுவிட்டு, இதே வசனத்தைச் சொல்லிப் படியிறங்கி ஓடினார். எனக்கு அந்தக் கிழவியின் மேல் இருந்த கோபத்தை எழுதினால் கடவுள் மன்னிக்க மாட்டார்.

அந்த ஒக்டோபரில் ஒரு வழி கிடைத்தது. என் மனுசன் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். கோடை முடிந்தால் ஆட்களை நிறுத்திவிடுவார்கள். வீட்டில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் போய் மூன்று நாள் மத்தியானம் கிழவிக்குச் சாப்பாடு கொடுங்கோ என்றேன். கிழவியின் மகளிடமும் நானே போய்க் கேட்டேன். அவள், "எட்டு வருடமாக நான் அவளைப் போ போ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீயாவது கூட்டிக்கொண்டு போ" என்றாள். எனக்கு அது புதினமாக இருந்தது. மச்சாள் எங்களுக்கு அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மச்சாள் மூன்று நாள் அழுதார், பிறகு ஓம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நாலு பேரும் பஸ் ஏறினோம். எங்கள் போர்கோ வெக்கியோ சந்தையில் வாங்கிய கத்தரிக்காயும் கீரையும், அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் பேணிகள். பஸ்ஸில் எங்களைப் பார்த்தவர்கள் கடை போடப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்குள் போய் ஐந்து நிமிடம் ஆகவில்லை. ரீச்சர் சன்னல் விளிம்பில் ஒரு விரலை வைத்து இழுத்தார். விரலைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார்.

"இஞ்சை பாருங்கோ."

"விடுங்கோ ரீச்சர். நாங்கள் இருக்க வந்தனாங்கள்" என்றேன்.

"உதுக்கு மேலை இருந்து என்னெண்டு சாப்பிடுறது?"

"நாங்கள் சன்னலிலை இருந்து சாப்பிடப் போறதில்லை."

மன்னார் அக்கா அதற்குள் கீழே பார்த்துவிட்டார். "பிள்ளை, நிலமும் மண்ணாய்க் கிடக்குது. ஒருக்காத் துடைச்சுப்போட்டு இருப்பம். ஒருக்காத்தான்."

தும்புத்தடி இருக்கும் அலுமாரியைத் திறக்கப் போனேன். பூட்டியிருந்தது. திறப்பைக் காணவில்லை. நான் அந்த வீட்டில் ஏழு கோடை வேலை செய்தவள், அந்த அலுமாரி பூட்டியதை ஒருநாளும் காணவில்லை. எனக்கு உச்சியில் ஏறியது. வெள்ளிக் கரண்டி மேசை லாச்சியில் திறந்து கிடக்கிறது, இதைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறா, எங்களைக் கள்ளர் என்று நினைச்சாவோ என்று கத்தினேன்.

"தும்புத்தடியை ஆர் பிள்ளை களவெடுப்பினம்?" என்றார் மன்னார் அக்கா. தன் பையிலிருந்து ஒரு பழைய துவாயை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அந்த மனுசி ஓய்வெடுக்க வரும்போது கிழிந்த துவாய் கொண்டுவந்திருக்கிறது.

இப்படித்தான் தொடங்கியது. ஒருக்கா என்றது பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் போனது. ரீச்சர் மேலிருந்து கீழே படிப்படியாகக் கழுவிக்கொண்டு வந்தார், வேறு மாதிரி அவருக்குத் தெரியாது. மச்சாள் ஏணி வைத்து விளக்குகளின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எல்லாரையும் பேசிக்கொண்டே திரிந்தேன். விசரிகள், காசில்லாமல் வேலை செய்யப் பிறந்ததுகள் என்றெல்லாம். ஒரு நேரத்தில் கீழே குனிந்து பார்த்தால், என் கையில் கத்தி. அடுப்பின் அவணுக்குள் தலையை விட்டு எண்ணெய்க் கறையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

இடையில் இரண்டு மணிக்கு, சந்தியிலுள்ள ரெலிபோன் பெட்டிக்கு நான் தனியாகப் போனேன். மச்சாளுக்குக் கையெல்லாம் சவர்க்காரம்.

"சாப்பிடேல்லை" என்றார் என் மனுசன். "கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனால் மூஞ்சையைத் திருப்புறா. பாலும் பிஸ்கட்டும் குடுத்தனான்."

"முதல் நாள்தானே. நாளைக்குச் சாப்பிடுவா."

"அக்காட்டைச் சொல்லும்."

"சொல்லுறன்" என்றேன்.

சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஏணியின் கீழ் நின்று, "சாப்பிட்டாவாம் மச்சாள்" என்றேன்.

"ஓ" என்றார். "என்ன சாப்பிட்டவ?"

"பாஸ்ரா."

"கரண்டியாலையோ?"

அது என்ன கேள்வி என்று நான் யோசிக்கவில்லை. "ஓம், பின்னை என்னத்தாலை" என்றேன். மச்சாள் திரும்பி விளக்கைத் துடைக்கத் தொடங்கினார். முன்னையைவிட அழுத்தித் துடைத்தார்.

அந்த வீட்டில் நாலு படுக்கை அறை. நாங்கள் நாலு பேரும் சாப்பாட்டறை நிலத்தில் விரித்துப் படுத்தோம். கட்டில்களைப் பகல் முழுக்கத் தட்டி, விரித்து, மடிப்பில்லாமல் நீவி வைத்திருந்தோம். அதைக் கலைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனக்கும்தான்.

சனிக்கிழமை துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. அதனால் கடலுக்குப் போனோம். கோடைக்காலத்தில் மொண்டெல்லோ மணலைக் காண முடியாது, மரக் குடில்கள் வரிசை வரிசையாக நிற்கும். அன்று வேலைக்காரர்கள் அவற்றைக் கழற்றிப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடல் எங்களுக்கென்று விட்ட மாதிரிக் கிடந்தது.

மன்னார் அக்கா சட்டையோடு நேரே தண்ணீருக்குள் நடந்தார். இடுப்பளவு போனார், கழுத்தளவு போனார், காணாமல் போனார். ரீச்சர் கத்தத் தொடங்க, இருபது அடிக்கு அங்காலே தலை வந்தது.

"ஏன் ரீச்சர் குளறுறியள்? நான் நடக்கப் பழக முதல் நீந்தினனான்."

பலகை அடுக்கியவர்கள் கை தட்டினார்கள். மன்னார் அக்கா அவர்களைப் பார்த்து ஒரு ராணி மாதிரித் தலையாட்டினார். பத்து வருடமாக அந்தப் பெண்ணைத் தெரியும் எனக்கு. வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் கண்டிருக்கிறேன். ரீச்சரும் சீலையை முழங்கால் மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கினார். அலை வர ஒவ்வொரு முறையும் "சீ" என்றார், ஆனால் வெளியே வரவில்லை.

மச்சாள் மணலில் இருந்தார். காலில் சப்பாத்து. மடியில் கைப்பை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"இறங்குங்கோ மச்சாள்."

"நீர் போம். நான் பிறகு வாறன்."

இரண்டு மணிக்கு மறுபடி ரெலிபோன். மச்சாளும் கூட வந்தார். பெட்டிக்கு வெளியே மர வாங்கிலில் குந்தியிருந்து கண்ணாடிக்கூடாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என் மனுசன் அழுவார் போல இருந்தார்.

"இண்டைக்கும் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பாக்கிறா. என்ன செய்யச் சொல்லுறீர்? மகளும் நேற்று இரவு கரண்டியாலை குடுத்துப் பாத்தவ, துப்பிப்போட்டா. அக்காவை வரச்சொல்லும்."

"பால் குடிக்கிறாதானே?"

"அது குடிக்கிறா."

"ரெண்டு நாள் பாலைக் குடிச்சுக்கொண்டு இருந்தால் ஒருத்தரும் சாக மாட்டினம். சமாளியுங்கோ."

வெளியே வந்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்லாததால் நான் இழந்த வேலை இரண்டு. ஆனால் அந்த வாங்கிலில் இருந்த மனுசி, எட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கடற்கரைக்கு வந்தவர். அவரின் வேலை வீட்டிலிருந்து மொண்டெல்லோ பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரம்.

"முழுக்கச் சாப்பிட்டாவாம். பீங்கான் வெறுமையாம்."

மச்சாளின் முகம் மலரும் என்று பார்த்தேன். விழுந்தது. உண்மையாகவே விழுந்தது. கைப்பையைத் திறந்து மூடினார். வீட்டுக்கு நடந்தார். எனக்கு எரிச்சல். சாப்பிடாவிட்டாலும் அழுகை, சாப்பிட்டாலும் அழுகை என்று மனதுக்குள் பேசிக்கொண்டு பின்னால் போனேன்.

நாலு மணிக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு தோட்டத்தில் இருந்தோம். அந்தச் செப்டெம்பர்ப் பெண்கள் செய்ததை நான் பகிடியாகச் சொல்லப்போய், ரீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். "நாங்களும் செய்வம். ஒராள் ஒராளாச் சொல்ல வேணும். இடையிலை கதைக்கக் கூடாது." வகுப்பு நடத்தி எத்தனை காலம், அவருக்கு.

மன்னார் அக்கா: "எனக்கு ஒரு நாள் முழுக்க ஒருத்தரும் அடுத்த அறையிலை இருந்து என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்."

ரீச்சர்: "எனக்குப் படியில்லாத வீடு."

நான்: "எனக்கு ஒண்டும் வேண்டாம். சும்மா இருக்க விட்டால் காணும்."

"நீதான் ஒருத்தரையும் சும்மா இருக்க விடுறாயில்லை" என்றார் மன்னார் அக்கா. ரீச்சர் மேசையில் தட்டினார்.

பிறகு மச்சாள். கோப்பையைக் கீழே வைத்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"திங்கக்கிழமை போய் அந்த வீட்டுத் திறப்பை மகளிட்டைக் குடுக்கப் போறன்."

ரீச்சர் மேசையிலிருந்து கையை எடுத்தார்.

"ஆர் குடுத்தாலும் அவ சாப்பிடுறா எண்டால் நான் என்னத்துக்கு அங்கை? எட்டு வருசம். உம்மடை கலியாண நாளுக்கு வரேல்லை, பிள்ளை ஆஸ்பத்திரியிலை கிடக்க நிக்கேல்லை. நான் குடுத்தால்தான் சாப்பிடுவா எண்டு சொல்லிச் சொல்லி... நானே கட்டின கதை போலை. தம்பி போய் ஒரு நாளிலை பாஸ்ரா குடுத்துப்போட்டான். வெக்கமாக் கிடக்கு."

அந்த வீட்டு வேலையில்தான் மச்சாளின் பெர்மெஸ்ஸோவும் இருந்தது, இத்தாலியில் இருக்க விடும் கடதாசி. வேலையை விட்டால் அது கேள்விக்குறி. அது தெரிந்துகொண்டுதான் சொல்கிறார். ஆனால் எனக்கு அப்போது கடதாசி ஞாபகம் வரவில்லை. அவர் வெக்கம் என்று சொன்னதுதான் குத்தியது. அந்த வெக்கத்தை நான் கொடுத்தேன். மூன்று நாள் ஓய்வு கொடுக்கிறேன் என்று எட்டு வருடத்தைப் பறித்திருக்கிறேன்.

"அவ சாப்பிடேல்லை" என்றேன்.

"என்ன?"

"நேற்றும் சாப்பிடேல்லை. இண்டைக்கும் இல்லை. பாலும் பிஸ்கட்டும்தான். நான் பொய் சொன்னனான்."

மச்சாள் என்னை எப்போதும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். அன்று அது போய்விட்டது.

"நீ மனிசியோ? ஒரு கிழட்டுச் சீவனை ரெண்டு நாள் பட்டினி போட்டு வைச்சுக்கொண்டு, எனக்குக் கடல் காட்டுறாய் என்ன?"

"நீங்கள் போயிடுவியள் எண்டுதான்."

"போறன்தான். இப்ப போறன்."

எழும்பினார். உள்ளே போய்ப் பையில் உடுப்பைத் திணித்தார். என்னைப் பேசிக்கொண்டே திணித்தார். எனக்கு விளங்காதது ஒன்றுதான். பேச்சு அவ்வளவு கடுமை, முகம் அவ்வளவு வெளிச்சம். மத்தியானம் விழுந்த முகம் திரும்பி வந்திருந்தது. மன்னார் அக்கா என் காதுக்குள், "நல்ல வேலை செய்தாய் பிள்ளை, பொய் சொன்னதும் உண்மை சொன்னதும்" என்றார்.

நாலு பேரும் பஸ் தரிப்புக்கு நடந்தோம். ரெலிபோன் பெட்டி பக்கத்தில்தான். பஸ் வர நேரம் இருந்தது. மச்சாள் என் கையிலிருந்த ரெலிபோன் கார்ட்டைப் பறித்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"தம்பி, மகள் வந்திட்டாவோ? இல்லையோ, நல்லது. என்ன குடுத்தனி? ... என்னத்தாலை குடுத்தனி? ... கரண்டியை வை. கரண்டியை அங்காலை வையடா."

ரிசீவரைக் கையால் பொத்தினார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். சொல்லவோ விடவோ என்ற பார்வை. பிறகு பெட்டிக்குள் குனிந்து, குரலைக் குறைத்தார். குறைத்தும் கேட்டது.

"குசினியிலை சோறு இருந்தால் எடு. இல்லாட்டிக் குழைய அவி. உருளைக்கிழங்கும் போடு. பிரிட்ஜிலை அவிச்ச மீன் இருக்கு, முள்ளுப் பாத்து எடு. ஒலிவெண்ணெய் விட்டுக் கையாலை குழை. ஓமடா, கையாலை. குழந்தைக்குத் தீத்திற மாதிரிச் சின்னச் சின்ன உருண்டையாத் தீத்து. முதல் உருண்டையை நீ சாப்பிட்டுக் காட்டு. மகளுக்குச் சொல்லாதை."

அவ்வளவுதான் விசயம். எட்டு வருடமாக மச்சாள் அந்தச் சிசிலியக் கிழவிக்குக் கையால் சோறு தீத்திக்கொண்டிருந்திருக்கிறார். முதல் மாதம் கிழவி கரண்டியைத் தள்ளித் தள்ளி மெலிந்து போனாளாம். ஒரு நாள் மச்சாள் தன் சாப்பாட்டைக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கிழவி பார்த்துக்கொண்டே இருந்து வாயைத் திறந்தாளாம். அன்றிலிருந்து கரண்டி மேசையில் சும்மா கிடக்கும். மகள் கண்டால் ஊத்தை என்று சொல்லி வேலையால் நிப்பாட்டுவாள் என்று பயம். மத்தியானம் அறைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் தீத்துவாராம். கடைசியில் கரண்டியை எடுத்துச் சோற்றில் ஒருக்காத் தோய்த்துக் கழுவப் போடுவாராம், பாவித்தது மாதிரி இருக்க. அதனால்தான் வேறு ஒருவரை அந்தக் கதிரையில் வைக்க முடியவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், சொன்னால் வெளியே வந்துவிடும்.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"உனக்குச் சொன்னால் நீ போய் மகளோடை சண்டை பிடிச்சிருப்பாய். கையிலை என்ன ஊத்தை எண்டு."

உண்மைதான். பிடித்திருப்பேன்.

பஸ் வந்தது. கதவு திறந்தது. மச்சாள் ஏறக் காலைத் தூக்கவில்லை. "அவன் குழைய அவிப்பானோ தெரியேல்லை" என்றார். சாரதி எங்களைப் பார்த்தான். ரீச்சர் அவனுக்குப் போ என்று கை காட்டினார்.

முக்கால் மணித்தியாலம் வாங்கிலில் இருந்தோம். மன்னார் அக்கா செபமாலையை எடுத்தார், ஒரு சிசிலியக் கிழவி சோறு சாப்பிட வேண்டும் என்று. மறுபடி ரெலிபோன் எடுத்தபோது நாலு பேரும் பெட்டிக்குள் தலையை விட்டோம்.

"சாப்பிட்டா" என்றார் என் மனுசன். "முழுக்க. என்ரை விரலைக் கடிச்சுப்போட்டா."

மச்சாள் கண்ணைத் துடைத்தார். "எந்த விரல்?"

"சுட்டுவிரல்."

"அப்ப சரி. எனக்கும் அதைத்தான் கடிக்கிறவ."

பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மன்னார் அக்கா பூசைக்குப் போய் வந்த பிறகு, மச்சாள் கடலில் இறங்கினார். நைற்றியோடு. ஒரு பக்கம் நான், மற்றப் பக்கம் மன்னார் அக்கா. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் நின்றார். இடுப்புக்கு வந்ததும் என் தோளில் நகம் பதிய இறுக்கினார். பிறகு கையை விட்டார். நைற்றி அவரைச் சுற்றிப் பந்து மாதிரி ஊதிக்கொண்டு நின்றது. ஒரு சத்தமும் போடவில்லை. மத்தியானம் வரைக்கும் வெளியே வரவும் இல்லை. விரல் எல்லாம் சுருங்கிப் போனதைக் காட்டி, "இப்ப தீத்தினால் அவ கடிக்க மாட்டா, துப்புவா" என்றார். ரெலிபோன் எடுக்க வேண்டும் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை.

பின்னேரம் என் சின்யோரா வீட்டுத் திறப்பை வாங்க வந்தார், கையில் ஒரு பெட்டி ரிக்கோட்டா இனிப்போடு. உள்ளே போனார். விளக்கைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், அவணைத் திறந்து பார்த்தார். இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்து, பக்கத்தில் தன் பையிலிருந்து இன்னொரு திறப்பை எடுத்து வைத்தார். தும்புத்தடி அலுமாரித் திறப்பு.

"பூட்டினால் செய்ய மாட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். நான் மூன்று நாளாக அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த பேச்சு முழுக்க வாயில் கிடந்து வீணாகப் போனது. இனிப்பை எடுத்துச் சாப்பிட்டேன்.

மச்சாளுக்கு ஒரு பயம் மிச்சம் இருந்தது. ஞாயிறு மகள் வீட்டில் நிற்கிற நாள். இரவு திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது: என் மனுசன் சோறு தீத்தும்போது கதவைப் பூட்ட மறந்து, மகள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு, "கை கழுவினாயா?" என்று மட்டும் கேட்டாளாம். இதைக் கேட்ட மச்சாள் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். எட்டு வருடம் பூட்டிய கதவு.

திங்கட்கிழமை மச்சாள் வேலைக்குப் போனார். சோறு குழைத்து, முதல் உருண்டையைத் தான் சாப்பிட்டுக் காட்டி, இரண்டாவதை நீட்டினாராம். கிழவி வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தாளாம். கை மாற்றினாலும் இல்லை, கெஞ்சினாலும் இல்லை. விட்டுவிட்டுப் போனதற்குக் கோபம். பின்னேரம் நாலு மணிக்குத்தான் வாயைத் திறந்தாளாம், திறந்து முதல் வேலையாகக் கடித்தாளாம்.

மச்சாள் இதை ஒரு முறைப்பாடாகத்தான் சொன்னார். "பாரும், என்ன பிடிவாதம் எண்டு" என்று. நான் மறுபடி 'நீர்' ஆகியிருந்தேன். ஆனால் முறைப்பாடு சொல்கிறவர் அதை மன்னார் அக்கா வீட்டில் ஒரு தரம், ரீச்சர் வீட்டில் ஒரு தரம், எங்கள் வீட்டில் இரண்டு தரம் சொல்ல மாட்டார். ஒவ்வொரு தரமும் அந்தச் சுட்டுவிரலை நீட்டிக் காட்டினார். நானும் ஒவ்வொரு தரமும் குனிந்து பார்த்தேன். அங்கே ஒரு அடையாளமும் இல்லை. "ஓம் மச்சாள், நல்லாத்தான் கடிச்சிருக்கிறா" என்றேன். அது நான் மச்சாளுக்குச் சொன்ன மூன்றாவது பொய்.